எண்ணெய் இறங்கப் பத்து நிமிடம்

போன வாரம் மருமகன் புதுக் கார் வாங்கி வந்தான். வழக்கம்போல பானட்டைத் திறந்து மூக்கை நீட்டினேன். ஒரு வாசனையும் இல்லை. எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியைத் தேடினேன்.

"பேட்டரி வண்டி மாமா. இதுல ஆயிலே கிடையாது" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூடான எஞ்சின் எண்ணெய் வாசனை என்றாலே எனக்கு ஒரு பட்டுக்கடை முதலாளியின் முகம்தான் ஞாபகம் வரும். வாசனையே இல்லாத வண்டியிலும் அந்த முகம் வந்து தொலைத்தது.

எங்கள் தெருவில் எல்லாரும் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நட்டவர்கள். முதலில் ஸ்டியரிங் பிடித்தவன் நான்தான். அந்தத் திமிரில் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு உடுத்துவேன். கழுத்தை அறுக்கும், அது வேறு கதை. முதலாளியின் அம்பாசிடரை ஓட்டினேன். தினமும் காலையில் கம்பியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்து அவரிடம் காட்டுவேன். எண்ணெய் கம்பியில் கீறியிருக்கும் இரண்டு கோடுகளில் மேல் கோட்டில் நிற்கும். துடைக்கக் கடையில் மிஞ்சும் பட்டு நூல் கழிவைத்தான் தருவார். அது எண்ணெயை உறிஞ்சாது, இழுவிவிடும். பழைய பனியன் துணி கேட்டால் முறைப்பார்.

ஒருநாள் வாலாஜாபாத் போய்த் திரும்பினோம். கடை வாசலில் எஞ்சினை அணைத்ததும் அவரே கம்பியை உருவினார். எண்ணெய் கீழ்க் கோட்டில் இருந்தது. ஓடி நின்ற எஞ்சினில் எண்ணெய் மேலேயே தங்கியிருக்கும், கீழே வடிய நேரம் வேண்டும். அது அந்த ஆளுக்குத் தெரியாது.

"காலைல இருந்தது எங்கடா? வழியில வித்துட்டியா? உங்க தெரு ஆளுங்கள வெச்சா இப்பிடித்தான்."

போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"பத்து நிமிஷம் இருங்க மொதலாளி. எண்ணெ கீழ எறங்கட்டும்."

"ஏன், அதுக்குள்ள திரும்ப ஊத்திடுவியா?"

"சாவிய நீங்களே வெச்சிக்கினு இங்கயே நில்லுங்க. நான் கிட்டவே வரல."

நின்றார். வெயிலில் சட்டை நனைந்தது. புடவை மடிக்கும் சண்முகம் மட்டும், "எண்ணெ எறங்கறதுக்குள்ள ஒரு காபி சொல்லட்டுமா மொதலாளி?" என்றான்.

பத்து நிமிடம் கழித்து அவரே உருவினார். மேல் கோடு. பார்த்தார். துடைத்தார். செருகினார். சாவியை என் பக்கம் வீசினார்.

"வண்டிய ஓரமா போடு."

அவ்வளவுதான். திருடன் என்று சொன்னபோது தெருவுக்கே கேட்டது. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சாவியைக் கல்லாமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அப்புறம் வாடகை வண்டி ஓட்டிய கார் ஸ்டாண்டில் பல வருடம், "என்னா ஆயிலு, இன்னிக்கி எவ்ளோ லிட்டருபா?" என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதலாளி செத்துவிட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அம்பாசிடரும் போய்விட்டது. அன்றைக்கு எனக்காக உண்மை சொன்னது அந்தக் கம்பி ஒன்றுதான். இப்போது வண்டியில் அதுவும் இல்லை.