ஒரு தப்பும் இல்லாத ராஜினாமா

இன்று நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாம் பேசப் பேச கம்ப்யூட்டரே டைப் அடிக்கும் என்று எங்கள் நாகலூர் எஸ்டேட் முதலாளி ஒரு மென்பொருள் வாங்கினார் அல்லவா? அதை என் குரலுக்குப் பழக்கியது நான்தான். மூன்று மாதம், தினமும் ஒரு மணி நேரம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆங்கிலப் பாடங்களை அதற்கு வாசித்துக் காட்டினேன். அது தப்பாக அடித்ததை எல்லாம் திருத்தித் திருத்தி மறுபடி சொன்னேன். அந்த நேரத்தில் காப்பிப் பழம் உரிக்கும் மிஷினைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

இன்று காலை முதலாளியிடம் போனேன். "ஏனுங்க, சேலத்துல வேலை கெடச்சிருச்சுங்க. ராஜினாமா குடுத்துரட்டுங்களா?"

"அதுக்கென்ன கண்ணு, மிஷின்லயே சொல்லி அடிச்சுக் குடு" என்றார்.

மைக்கை மாட்டி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பிரிண்ட் எடுத்து நீட்டினேன்.

இரண்டு முறை படித்தார். பிறகு தானே மைக்கை மாட்டிக்கொண்டு அதே கடிதத்தின் முதல் வரியை வாசித்தார். திரையில் வந்தது அவருக்கே விளங்கவில்லை.

"நீ சொன்னதுல ஒரு தப்புகூட இல்லியே கண்ணு! உன்னய எப்புடி உடறது?"

கடிதத்தை மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"பனியில அலையாத சாமி. சளி புடிச்சா மிஷினுக்கு உன்ற குரல் தெரியாது."

சாத்திய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கையால்தான் டைப் அடிக்கிறேன். சீக்கிரம் சளி பிடிக்க வழி தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.