உலுக்கினால் திறக்கும் பக்கம்

படித்து முடித்த கையோடு அழித்துவிடுவார். தேநீர் இடைவேளை பத்து நிமிடம் என்றால் ஒன்பது நிமிடம் போனில் படிப்பு, கடைசி நிமிடம் துடைப்பு. திரையின் மூலையில் துடைப்பம் போல ஒரு படம் இருக்கிறது. அதைத் தொட்டால் திறந்த பக்கம், தேடிய சொல், போய்வந்த தடம் எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். நாளைக்கு மழை வருமா என்று பார்த்திருந்தால்கூட அதையும் துடைத்த பிறகுதான் போன் சட்டைப்பைக்குள் போகும். "நான் என்ன படிச்சேன்கிறது எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவுல இருக்கட்டும். மூணாவது ஆளுக்கு அங்க என்ன வேலை?" என்பார்.

வேலை, ரத்தப் பரிசோதனை லேப்பில் ரத்தம் எடுப்பது. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. எல்லோருக்கும் அவர் 'கொசு சார்'. வந்து உட்கார்ந்து எடுத்துக்கொண்டு போனது தெரியாது என்பதால் வந்த பெயர். கொசு கடித்தால் பிறகாவது அரிக்கும், இவர் எடுத்தால் அதுவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுக்கும் அம்மாளின் கையும் நல்ல கைதான். ஆனாலும் அந்த நாற்காலி காலியாகக் கிடக்க, ஜனம் இவருக்காகக் காத்துக்கிடக்கும். "உங்க மூஞ்சில என்ன ஒட்டிக்கிட்டிருக்கு, என் மூஞ்சில என்ன இல்ல?" என்று அந்த அம்மாள் அலுத்துக்கொள்வார். "கோவிச்சுக்காதீங்கக்கா, எல்லாம் கைராசி" என்பார் இவர். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமை இருக்கும். இருக்கட்டுமே, மனிதருக்கு வேறு பெருமையும் கிடையாது.

யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள், யார் ஈரலைக் குடித்தே கெடுத்துக்கொண்டார், எல்லாம் அவருக்குத் தெரியும். மனைவியிடம்கூட மூச்சுவிட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் மூலத்துக்கு மருந்து தேடப்போக, ஒரு மாதம் அவர் போனைத் திறந்தால் போதும், அதே விளம்பரம். அவசரத்துக்குப் போனை வாங்கிய மாப்பிள்ளை, "மாமா, நாற்காலிக்கு மெத்தை ஏதாவது வாங்கட்டுமா?" என்று பரிவாகக் கேட்டுவிட்டார். "ஊர் ரகசியத்தையெல்லாம் நான் வயித்துக்குள்ள பூட்டி வெச்சிருக்கேன். என் ரகசியத்தை என் போனே சந்தி சிரிக்க வைக்குது பாரு" என்று மனைவியிடம் குமுறினார்.

அந்தக் கோபத்தில் தேடிப் பிடித்ததுதான் இந்தப் பிரவுசர். யாரையும் வேவு பார்க்காது, எதையும் நினைவில் வைக்காது என்பது அதைச் செய்தவர்களின் வாக்கு. இன்னும் வெளியாகவில்லை. வெள்ளோட்டத்துக்கென்று கொஞ்சம் பேருக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள், அதில் இவரும் ஒருவர். பயன்படுத்திப் பார்த்துக் குறை கண்டால் எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு சுலப வழியும் வைத்திருந்தார்கள்: போனை லேசாக உலுக்கினால் குறை எழுதும் பக்கம் தானே திறந்துகொள்ளும். இவர் பதினொரு குறை அனுப்பியிருக்கிறார். எழுத்து சிறிதாக இருப்பது முதல் குறை. துடைப்பம் கட்டைவிரலுக்கு எட்டாதது இரண்டாவது. இரண்டையும் சரி செய்துவிட்டார்கள். "கடைக்கே வராத சாமானுக்கு நான் யோசனை சொல்றேன்" என்று லேப் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது குறையில்தான் சிக்கல். ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குறைப் பக்கம் வந்து முன்னால் நின்றது. மூடினால் மறுபடி வந்தது. 'நான் உலுக்கவில்லை. அதுவாகத் திறக்கிறது' என்று எழுதினார். ஒரு வாரத்தில் மூன்று தடவை எழுதினார், மூன்றாவதில் காரம் கொஞ்சம் தூக்கல்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. 'மற்றவர்களின் போனில் இப்படி நடக்கவில்லை. போனை மேசைமேல் வைத்துச் சோதித்துப் பார்க்க முடியுமா?'

சாப்பாட்டு மேசையில் வைத்துக் கால்மணி நேரம் படித்தார். பக்கம் திறக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். திறக்கவில்லை. தன் இடது கையில் பிடித்தார். இல்லை. வலது கைக்கு மாற்றினார். நாலு வரி படிப்பதற்குள் குறைப் பக்கம் எழுந்து நின்றது.

மனைவி போனைப் பார்க்கவில்லை, அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, குளிருதா உங்களுக்கு?"

உச்சி வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. "இல்லியே. ஆப்புலதான் ஏதோ கோளாறு" என்றார். மனைவி கையிலிருந்த சட்டையை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

போன மாதம் ரத்தம் கொடுக்க வந்த ஒருவர் ஊசி பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டபோது, "ஊசி கம்பெனியை மாத்திட்டாங்க, கூர் சரியில்ல" என்று சொல்லியிருந்தார். அடுத்த வாரம் ஒருவருக்கு இரண்டாவது தடவை குத்த வேண்டியிருந்தது. அப்போதும் ஊசிதான் குற்றவாளி. அதே பெட்டி ஊசியில் பக்கத்து நாற்காலி அம்மாள் நாளெல்லாம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்ததை இப்போதுதான் நினைத்துப் பார்த்தார். மேசைமேல் போனை வைத்தபடியே கைநடுக்கத்தைப் பற்றி ஏழெட்டுப் பக்கம் படித்தார். படித்ததும் துடைத்தார். பிரவுசர் வாக்குத் தவறாமல் அத்தனையையும் மறந்துவிட்டது. அவரால்தான் முடியவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக வாடிக்கையாக வரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஊசி என்றால் டீச்சருக்கு உயிரே போய்விடும். வந்ததும் கையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். "நீங்கங்கிற தைரியத்துலதான் வீட்டை விட்டே கிளம்புறேன்" என்றார்.

இவர் ரப்பர் பட்டையைக் கட்டினார். விரலால் தடவி நரம்பைக் கண்டுபிடித்தார். ஊசியை எடுத்தார். அதன் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, பக்கத்து அம்மாளிடம் ஊசியை நீட்டி, வாயைத் திறக்காமல் கண்ணாலேயே கெஞ்சினார். அந்த அம்மாள் எழுந்து வந்தார்.

"இதோ டீச்சர், கொசு கடிக்குது" என்று வழக்கம்போலச் சொன்னவர் இவர். குத்தியவர் அவர்.

பஞ்சை வைத்து அழுத்திய பிறகே டீச்சர் கண்ணைத் திறந்தார். "தெரியவே இல்ல. இந்தக் கை வேற யாருக்கு வரும், சொல்லுங்க?"

இவர் தலையை ஆட்டி வைத்தார். டீச்சர் போனதும், ரத்தம் எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார்.

தேநீர் இடைவேளையில் போனை வலது கையில் எடுத்தார். எதையும் தேடவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். குறைப் பக்கம் தானாக வந்து நின்றது. இந்தத் தடவை அதை மூடவில்லை. மனைவி கேட்டும் சொல்லாததை, முகம் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: 'உங்கள் ஆப்பில் குறை ஒன்றும் இல்லை. என் கையில்தான்.' பிறகு போனை மேசைமேல் வைத்து, இடது கை ஆள்காட்டி விரலால் 'அனுப்பு' என்பதை அழுத்தினார்.