பெயின்ட் அடித்த மீன்

வசந்தகுமார் மீனுக்குப் பெயின்ட் அடித்து விற்கிறாராம். இந்தச் சேதி அவர் காதுக்குத்தான் கடைசியாக வந்தது, அதுவும் சனிக்கிழமை மத்தியான ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது.

“இன்னாபா குமாரு, மஞ்சள் மீனு நீலமாயிடுச்சாமே? பெயின்ட்டு கம்பெனியோடதா, சொந்தமா?” என்றார் டிரைவர் எல்லப்பன். “நான் சொல்லலபா. காலை ஷிப்டுல பேசிக்கினாங்க.”

பஸ்ஸே சிரித்தது. வசந்தகுமாரால் முடியவில்லை. ஒரகடம் கார் ஆலையின் பெயின்ட் பிரிவில் பதினோரு வருஷமாகப் பரிசோதகர் அவர். மயிரிழைக் கீறலையும் தடவியே பிடித்துவிடுவார். பெயின்ட் வெளியே போனதாகப் பேச்சு கிளம்பினால் வேலை நிலைக்காது.

வடக்குப்பட்டு வீட்டில் எட்டுத் தொட்டிகளில் சிக்லிட் என்ற வண்ண மீன்களை வளர்த்து, தெரிந்தவர்களுக்கு விற்பார். ‘எல்லோ லேப்’ இனம் என்று ஆறு மஞ்சள் குஞ்சுகளை வாங்கிப்போனவர் அதே ஆலையின் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் இசைவாணி. ஞாயிறு காலை வசந்தகுமார் ஸ்ரீபெரும்புதூரிலுள்ள இசைவாணி வீட்டுக்கு ஓடினார். தொட்டியில் நான்கு மஞ்சள். இரண்டு நீலம், உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை.

“வேற மீனு குடுத்துடறேம்மா.”

“இருங்கண்ணா. மஞ்சள்ல மூணுக்கு முதுகுத் துடுப்புல கறுப்புக் கோடு ஓடுது பாருங்க. நாலாவதுக்கு இல்ல. நீலமானது ரெண்டுக்கும் மஞ்சளா இருந்தப்பவே இல்ல. எம்பொண்ணு கனிஷ்கா வாராவாரம் போட்டோ எடுத்து வெச்சிருக்கா.”

வசந்தகுமாருக்கு உறைத்தது. ஐப்பசி மழையில் ஒரு தொட்டி விரிசல் விட்டபோது, அதிலிருந்த சவுலோசி என்ற வேறு இனக் குஞ்சுகளை அவசரத்தில் எல்லோ லேப் தொட்டியில் கொட்டியவர் அவரேதான். சின்னதில் இரண்டு இனமும் மஞ்சள். சவுலோசியில் ஆண் வளர வளர நீலமாகும். பெண் மஞ்சளாகவே இருக்கும், ஆனால் அந்தக் கோடு இராது. ஆலையில் இருக்கக்கூடாத கோட்டைத் தேடும் கண், வீட்டில் இருக்கவேண்டிய கோட்டைத் தேடவில்லை.

“தப்பு என்னுதும்மா.”

“தப்புதான். அதுக்குத் திருடன்னு சொல்லுவாங்களா? மீனை மாத்த வேணாம். பாப்பா பேரெல்லாம் வெச்சிட்டா.”

திங்கள் மத்தியானம் பஸ் படியில் தயங்கி நின்றார்.

“ஏறுபா,” என்றார் எல்லப்பன். “காலைல இசைவாணி வண்டி முழுக்க போட்டோ காட்டிச்சு. குறுக்க பேசினவன எறங்கச் சொல்லிச்சு, என் வண்டிலேர்ந்து. உன் சூப்பர்வைசரு கலர் மாறுற மீனா ரெண்டு கேக்குறாரு.”

வசந்தகுமார் ஜன்னலோரம் உட்கார்ந்து இசைவாணியை அழைத்தார். இன்னும் லைனில்தான் நிற்பார், போன் லாக்கரில் கிடக்கும் என்று தெரியும். ஷிப்டு முடிந்து போனை எடுக்கும்போது மிஸ்டு காலில் முதலில் தன் பெயர் தெரியட்டும் என்று நினைத்தார். ரிங் போய்க்கொண்டே இருந்தது.