எபநேசர் மேல் விழுந்த பழி

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எபநேசரின் மகள் கிரேஸ் வாசலில் நின்றிருந்தாள். "அப்பா வியாழக்கிழமை போயிட்டார் அங்கிள். குரோம்பேட்டையிலேயே அடக்கம் பண்ணிட்டோம்" என்றாள். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அதில் தப்பும் இல்லை.

தாம்பரத்தில் எங்கள் சிறிய மருத்துவமனையில் அவர் எலக்ட்ரீஷியன், நான் தலைமை எழுத்தர். அறுபதுகளின் நடுவில் எக்ஸ்ரே இயந்திரம் வந்தது. வந்த வாரமே என் மேஜைக்கு வந்து நின்றார். "இடி நம்ம கட்டடத்து மேலதான் விழணும்னு இல்ல சார். எங்கயோ கம்பத்துல விழுந்தாலும் லைன் வழியா ஓடி வந்து மெஷினை அடிச்சிடும். லைன் உள்ள வர்ற இடத்துல, இடியை மண்ணுக்குள்ள இறக்கி விடுற ஒரு அரெஸ்டர் போடணும், நல்ல எர்த் வேணும்." அதையே கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். கமிட்டியில் வைக்கிறேன் என்றேன். மூன்று முறை கமிட்டி கூடியது. நான் வைக்கவில்லை. மறதி என்றுகூடச் சொல்ல முடியாது; மற்ற வேலைகள் பெரிதாகத் தெரிந்தன.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், குன்றத்தூர்ப் பக்கமிருந்து மழை கட்டிக்கொண்டு வந்தது. எபநேசர் பம்ப் ஷெட்டில் இருந்தார். ஒரே இடி. வராந்தா பல்புகள் பளிச்சென்று வெளுத்து வெடித்தன. அவர் நனைந்தபடி ஓடி வந்து மெயின் சுவிட்சை இறக்குவதற்குள் எக்ஸ்ரே அறையில் கருகல் நாற்றம். அதன்பின் பல மாதம் நெஞ்சுநோய்க்காரர்கள் படம் எடுக்க ரயிலேறி நகரத்துக்குப் போனார்கள்.

"மழை வர்றது தெரிஞ்சும் ஏன் ஆஃப் பண்ணல?" என்று கமிட்டி கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். "என் தப்புதான்" என்றார். வேலை போயிற்று.

கடிதம் கொடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று அவர் சைக்கிள் அருகே நின்று கேட்டேன். "உங்களுக்கு மூணு குழந்தைங்க சார். இந்த வேலை போனா வேற என்ன தெரியும்? எனக்குக் கையில தொழில் இருக்கு."

இரண்டு வருடம் கழித்துப் பெரிய டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் போய்க் கூப்பிட்டும் எபநேசர் வேலைக்குத் திரும்பவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை வந்து, குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் புதைத்து, அரெஸ்டரை மாட்டினார். "வெயில் காலத்துல இதுல தண்ணி ஊத்தச் சொல்லுங்க சார். மண்ணு காஞ்சா பிரயோஜனம் இல்ல." மருத்துவமனையின் பெயர் கெடக்கூடாதென்று டாக்டரும் நானும் விஷயத்தை எங்களோடு நிறுத்திக்கொண்டோம்.

இதைப் படிக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர், அவருடைய அசட்டையால்தான் இயந்திரம் எரிந்தது என்று இன்றும் நம்புகிறீர்கள். கிரேஸும் அப்படித்தான் நம்பியிருந்தாள். வாசலிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே அங்கிள்" என்றாள்.

எபநேசருடையதென்று என்னிடம் இருப்பது ஒன்றுதான்: இத்தனை வருடம் நான் சுமந்து திரிந்த நல்ல பெயர். அது அவருக்குச் சேர வேண்டியது.