சேட்டின் தோளில் ஒரு கறை

கஞ்சி போட்டு நான் மினுக்கிய அந்த வெள்ளைச் சேட் இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. வலது தோளில் மண்ணிறக் கறை ஒன்று. புனிதரின் சிலையான சுருவத்தைத் தூக்கும் தடிக்கு, கறை பட்ட வருடம் புதிதாக வார்னிஷ் பூசியிருந்தார்கள்.

குருநகரில் எங்கள் வேதக் கோவில் திருநாளன்று, சுருவத்தை வைத்துத் தோளில் சுமக்கும் கூட்டின் முன் வலது தடி எங்கள் குடும்பத்துக்குரியது. அப்பா இறந்தபின் அது அண்ணையின் தோளுக்கு வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் என்றுதான் அண்ணையை எல்லோரும் நினைத்தோம். அங்கே பழகிய போதைத் தூளும் கூட வந்திருந்ததை அம்மாவின் காப்புகள் காணாமற் போன பிறகுதான் அறிந்தோம்.

அதை விடுவதற்கு ஆஸ்பத்திரியில் ஆறு கிழமை இருக்கவேண்டும் என்றார்கள். மூன்றாம் கிழமையே கன்னத்தில் சதை வைத்து, பகிடிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சுகமாகிவிட்டது என்று நினைத்தேன், மடைச்சி. திருநாளும் வந்தது. வார்ட்டுக்குப் பொறுப்பான மிஸியிடம் போய், "ஒருநாள்தானே மிஸி, சுருவம் தூக்கிப்போட்டு வந்திடுவார்" என்று கெஞ்சினேன். "உடம்புதான் பிள்ளை தேறியிருக்கு. ஆசை அப்பிடியே கிடக்கு" என்றார் அவர். எனக்குக் கோபம்தான் வந்தது. கையெழுத்து வைத்துக் கூட்டிவந்தேன். அண்ணை தடி பிடித்தார், அம்மா கண்ணீர் விட்டார். கூட்டைக் கோவிலுக்குள் இறக்கியபின் பார்த்தால் அண்ணையைக் காணவில்லை; மறுபடி தூளைத் தேடிப் போய்விட்டார்.

அடுத்த வருடம் அவராகவே, "என்னை ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய் விடு" என்றபோது திருநாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. தள்ளிப்போடப் பயந்தேன். திருநாளன்று தடியை ஒன்றுவிட்ட தம்பிக்குக் கொடுத்து, அண்ணைக்கென்று மினுக்கிய வெள்ளைச் சேட்டையும் அவனுக்கே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா என்னோடு கதைக்கவில்லை.

"என்ரை சேட் எங்கை? கெதியா வெளிக்கிடுவம்" என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை. இண்டைக்கு இரண்டுபேரும் இஞ்சைதான்."

"அப்ப எங்கடை தடியை ஆர் பிடிக்கிறது?"

சொன்னேன். "நீ என்ரை தங்கச்சியில்லை. எழும்பிப் போ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் எழும்பவில்லை. கொண்டுபோன சோறு அப்படியே கிடந்தது. பொழுதுபடும் நேரம், திரும்பாமலே, "நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

ஆறு கிழமையையும் முடித்தார். அதற்கு மருந்து காரணமோ, மிஸியின் கண்டிப்போ, நான் எழும்பாமல் இருந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. தூளை அவர் பிறகு தொடவில்லை. ஆனால் தடி எங்களிடம் திரும்பி வரவில்லை. "தூள்காரன்ரை தோள் வேண்டாம்" என்று கோவிலில் பேசி முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு திருநாளும் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்று கூடு போவதைப் பார்த்துவிட்டு வருவார்.

அண்ணை நெஞ்சுவலியில் போய்ப் பல வருடங்கள். சேட்டை எடுக்கும்போதெல்லாம் அவர் ஆஸ்பத்திரியால் வீடு வந்த நாள்தான் முன்னுக்கு வருகிறது. தம்பி திருப்பித் தந்து கொடியில் கிடந்த சேட்டை எடுத்து, அந்தக் கறையில் பெருவிரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"கூடு நல்ல பாரமாமோ?"

"ஓம் அண்ணை."

அவர் அதைப் பிறகு போடவில்லை. நான் தோய்க்கவில்லை.