பின்பக்கம் காட்டிய மூஸ்

மூஸ் என்பது மான் இனம்தான், ஆனால் சின்ன லொறி அளவு மிருகம். எந்தப் பக்கத்தால் சுட்டாலும் விழும் என்றுதான் நான் முதலில் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. காட்டுக்குப் புறப்படுமுன்பே, சென்ட் லோரன்ட்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எட்டு வீட்டுக்குப் பங்கு சொல்லிவிட்டேன். வழக்கமாகச் சேர்ந்து பண்ணையில் கிடாய் வாங்கிப் பங்கு போடுகிற ஆட்கள்தான். ஆனால் கிடாய் பண்ணையில் கட்டி நிற்கும். மூஸ் இன்னும் காட்டில் உலாவிக்கொண்டிருந்தது.

என்னைக் கூட்டிப்போனவர் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் திருகோணமலை அண்ணை. பல வருடமாக வேட்டைக்குப் போகிறவர். எங்கள் இருவரின் வேட்டை அனுமதிக்கும் சேர்த்து ஒரு மூஸ்தான். முதல் வெடியை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். நான் அதைக் காயத்தோடு ஓடவிட்டால் அவருடைய ஒரு வார லீவும் வீண்.

போகும் வழியெல்லாம் படிப்பித்தார். குண்டு தோலுக்குள் நுழைவது பெரிய காரியமில்லையாம், நெஞ்சுவரை போய்ச் சேரவேண்டுமாம். குறுக்காக நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைக்கலாம். பின்னாலிருந்து சுட்டால், புல் அடைந்த வயிற்றுக்குள்ளேயே குண்டு களைத்துவிடும்; இறைச்சி நாறும், மிருகம் வேதனையோடு ஓடும். நான் ஓம் ஓம் என்றேன். மனதுக்குள் ஈரலை யாருக்குக் கொடுப்பது என்ற யோசனை.

மூன்றாம் நாள் காலை, சதுப்பின் ஓரத்தில் நூறு அடி தூரத்தில் அது வந்து நின்றது. முழுப் பின்பக்கத்தையும் எனக்குக் காட்டியபடி.

என் நெஞ்சு அடித்த அடி அதற்குக் கேட்டுவிடும் என்று பயந்து மூச்சைப் பிடித்தேன். விட்டபோது மூக்குக்கண்ணாடியை மூச்சின் ஆவி மூடியது. துடைக்கக் கை எடுத்தால் துப்பாக்கி ஆடியது. துப்பாக்கியின் தொலைநோக்கியில் தெரிந்ததெல்லாம் ஒரு மண்ணிறச் சுவர். விரல் விசைக்குப் போய்விட்டது.

அண்ணை காதுக்குள் சொன்னார்: “உது வயிறடாப்பா. பொறு.”

“போகப்போகுது அண்ணை.”

“போனாப் போகட்டும். எட்டு வீட்டுக்கும் நான் கோழி வாங்கித் தாறன்.”

அந்த அவமானம்தான் என் விரலை நிறுத்தியது. மூஸ் இரண்டு அடி வைத்து, பாதி திரும்பி நின்றது. குறுக்காக இல்லை, சரிவாக. தலை என்னைவிட்டு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்து முன்னங்காலுக்குப் பின்னால் சுட்டால் குண்டு நெஞ்சின் ஓரத்தை மட்டும் உரசிக்கொண்டு போய்விடும்.

கிடாய் வெட்டும் நாட்களில் நெஞ்சுக்கூட்டைப் பிளப்பது எப்போதும் நான்தான். நுரையீரல் இரண்டும் முன்னங்கால்களுக்கு நடுவில் கிடப்பதை எத்தனை தரம் கையால் எடுத்திருக்கிறேன். எனக்கு அப்பால் இருந்த, அந்தப் பக்கத்து முன்னங்காலைத் தேடினேன். அதிலிருந்து என்னை நோக்கி மனதுக்குள் ஒரு கோடு இழுத்தேன். கோடு இந்தப் பக்கத்து விலா எலும்புகளின் நடுவில் வந்து நின்றது, பார்வைக்குப் பிழையாகத் தெரிந்த ஓர் இடத்தில்.

“அந்தப் பக்கத்து முன்னங்காலுக்கு அண்ணை.”

“ஓம்,” என்றார்.

சுட்டேன். மூஸ் முப்பது அடி நடந்து விழுந்தது, பிறகு எழும்பவில்லை. உரித்துப் பார்த்தோம். குண்டு இரண்டு நுரையீரலையும் துளைத்துப்போய், அந்தப் பக்கத்துத் தோளின் தோலுக்கு அடியில் காளான்போல விரிந்து கிடந்தது. வயிற்றில் ஒரு கீறலும் இல்லை.