இரண்டு கோப்பைத் தயிர்

வாகனத்தில் ஏறினால் எனக்குச் சத்தி வரும், தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் சொந்தத்துக்குள் இது தெரியாத ஆளில்லை. பயணம் போகிற நாட்களில் அம்மா எனக்கு வெறும் தேத்தண்ணிக்கு மேல் தரமாட்டாள். கையில் ஒரு தேசிக்காயைத் திணித்து, அந்தப் புளி மணத்தை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுவாள்.

சுனாமிக்கு அடுத்த வருசம், அக்காவைக் கொழும்பில் சின்னம்மா வீட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கு மட்டும் அம்மா தேசிக்காயை மறந்துவிட்டாள். பிட்டைக் கோப்பையில் போட்டு, மேலே எருமைத் தயிர், அதற்கு மேலே சீனி. முடிந்ததும் இன்னொரு கோப்பை. “தின்னு மகள், தின்னு” என்று என் முகத்தைப் பார்க்காமல் ஊட்டினாள். அக்கா போகிறாளே என்ற கவலை என்று நினைத்தேன். என்னையும் காரில் ஏற்றியது நான் அழுத அழுகைக்குத்தான் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அக்காவுக்குப் பதினாறு. அப்போது அதுதான் ஆபத்தான வயது. துவக்கோடு திரிந்தவர்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்காவின் வகுப்பில் மூன்று கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. அப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. அக்காவையும் கொடுக்க அம்மா தயாரில்லை. பஸ்ஸை மறித்து இறக்குகிறார்களாம் என்று கேள்விப்பட்டதால்தான் மாமாவின் கார்.

அது மாமாவைவிட வயது கூடிய மொறிஸ் மைனர். சுனாமி அதைத் தேற்றாத்தீவில் எங்கள் முற்றத்திலிருந்து தூக்கி, வாவிக்கரைப் பற்றைக்காட்டுக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தது. மாமா ஒவ்வொரு சாமானாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, ஆறு மாதத்தில் ஓட வைத்தார். “கடலே வேணாமெண்டு துப்பின கார். இனி ஆர் இதில கைவைக்கப் போறாங்க?” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பின்பக்க அடித்தகடு உப்பில் தின்னுப்பட்டு ஓட்டை. அதைப் பலகையால் மூடியிருந்தார். பலகை விலகினால் காலுக்குக் கீழே றோட்டு ஓடுவது தெரியும். பெற்றோல் மணமும் அதற்குள்ளால்தான் வரும்.

என்னை அக்காவின் மடியில் இருத்தினார்கள். அவள் தீபாவளிச் சட்டை போட்டிருந்தாள். இந்தமுறை சத்தி எடுப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கல்லடிப் பாலத்தில் மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “என்ன புள்ள, வயித்தப் பிரட்டல்லியா?” இல்லையென்றேன். செங்கலடியில் திரும்பவும் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லையென்றேன். கெட்டிக்காரி என்பார் என்று காத்திருந்தேன். மாமாவின் பிடரியில் வேர்வை ஓடியது.

செங்கலடி தாண்டி, வீடுகள் குறைந்த ஓரிடத்தில் றோட்டுக்குக் குறுக்கே மரக்குற்றி. மூன்று பொடியன்கள். ஒருவன் துவக்கு நுனியால் காரை ஓரங்கட்டச் சொன்னான். அக்காவின் நெஞ்சு என் முதுகில் இடித்தது.

“சின்னவளுக்குக் காய்ச்சல் தம்பி. ரெண்டு நாளாப் பச்சத்தண்ணியும் இறங்கல்ல. இஞ்ச ஆசுபத்திரியில ஏலாதெண்டிட்டாங்க, பொலநறுவைக்குக் கொண்டுபோறன்” என்றார் மாமா. எனக்கு எங்கே காய்ச்சல்? பெரியவர்கள் பொய் சொல்வதை அன்றுதான் கண்டேன்.

அவன் பின்கதவைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. “இவவுக்கு எத்தின வயசு?” அக்கா என்னை இழுத்துத் தன்னை மறைத்துக்கொண்டாள். “இறங்குங்க” என்றான்.

நின்ற காரின் உதறலில் பலகை விலகி, பெற்றோல் மணம் குப்பென்று வந்தது. அவ்வளவுதான். தயிரும் பிட்டும் அக்காவின் சட்டையில், கதவில், அவனுடைய காலில். மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வெட்கத்தில் அழுதேன்.

அவன் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் வாயைக் கழுவிவிட்டான். பிறகு தன் காலில் கிடந்ததைக் குனிந்து பார்த்தான்.

“என்ன சாப்பிட்ட?”

“பிட்டும் தயிரும். அம்மா ரெண்டு கோப்பை தந்தவ.”

மாமாவின் கை கியரில் அப்படியே நின்றது.

அவன் மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு கனநேரம் என்னைப் பார்த்தான். மீசை அரும்பாத முகம். குரலைத் தாழ்த்தி, “வீட்ட போய் அம்மாட்டச் சொல்லு, தயிர் நல்லமாம் எண்டு” என்றான். கதவைச் சாத்திவிட்டு மற்றவர்களைப் பார்த்து, “காய்ச்சல்தான், விடுங்கடா” என்றான்.

மன்னம்பிட்டி வரும்வரை மாமா காரை நிறுத்தவில்லை. அக்கா நாறுகிற சட்டையோடு என்னை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாக்கு மீறியதற்கு ஏசவேயில்லை.

அக்காவை விட்டுவிட்டு நாலாம் நாள் திரும்பினோம். அம்மா படலை வாசலில் நின்றாள். மாமா தலையை மட்டும் ஆட்டினார். நான் ஓடிப்போய், சத்தி எடுத்ததை ஒளிக்காமல் சொல்லி, அந்த அண்ணன் சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

அம்மா என் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. “அந்தப் புள்ளைக்கு எத்தின வயசிருக்கும்?”

“அக்காட வயசு.”

அம்மா அப்படியே மணலில் குந்தி அழத் தொடங்கினாள். ஆசையாய் ஊட்டிய தயிரெல்லாம் வீணாய்ப் போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, “அடுத்தமுறை சத்தி எடுக்கமாட்டன் அம்மா” என்று அவளுடைய தோளைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே நின்றேன்.